அடுப்பில்லாப் பலகாரம்

தட்டை இடப்பக்கம் சாய்த்தால் பலகாரம் இடப்பக்கம் ஓடியது. வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம் ஓடியது. சமமாக இருக்கட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார் எஸ்றா. மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆகையால் அப்போதும் அது ஓடத்தான் செய்தது.

சனிக்கிழமை காலை மணி பத்து. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம். சபையில் வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். இந்த வாரம் எஸ்றா வீட்டு முறை. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம் எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற பலகாரத் தட்டைப் பற்றித்தான் அடுத்த வாரம் முழுக்கப் பேச்சு. பதினைந்து பேர் வருவார்கள். அதில் அற்புதமணி அக்கா ஒருத்தி போதும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் கண்ணில் பட்டது ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்குள் சபைக்கே தெரிந்துவிடும்.

வீட்டில் பலகாரம் செய்கிற ஆள் வியாழக்கிழமை காலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போக வைத்த ஆள்தான் இப்போது மேசைக்கு முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எஸ்றாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கை எண்ணிக் கணக்குச் சொல்கிற வேலை. கோதுமை கொண்டுவந்த அமெரிக்கக் கப்பல் ஒன்றின் சமையல்காரனுக்குப் பல்வலி வந்தபோது கிராம்புத் தைலம் வாங்கிக் கொடுத்தார். அந்த நன்றிக்கு அவன் இரண்டு டப்பா பீநட் பட்டரும் ஒரு பெரிய கட்டிச் சாக்லேட்டும் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளையும் சேர்த்துக் கொடுத்தான். அடுப்பே மூட்டாமல் ஒரு பலகாரம் செய்யலாம் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. பிஸ்கட்டை நொறுக்கு, பீநட் பட்டரும் வெண்ணெயும் சர்க்கரைத் தூளும் போட்டுப் பிசை, தட்டில் பரப்பு, உருகின சாக்லேட்டை மேலே ஊற்று, குளிர வை, துண்டு போடு. ஆகும் நேரம் அரை மணி என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அப்படி அச்சடித்தவன் கையில் கிடைத்தால் கோதுமை மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக் கடலில் தள்ளுவது என்று எஸ்றா இந்த நிமிஷம் முடிவு செய்திருந்தார்.

வியாழக்கிழமை காலையில் அவர் மனைவி கிரேசி டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, கடலைப் புண்ணாக்கைக் குழைத்து அடைத்துக் கொடுத்திருக்கிறான், இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வந்திருக்கிறார் என்றாள். எஸ்றாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கிற கோபம். முந்திரிக்கொத்துக்கு மூன்று நாள், அச்சு முறுக்குக்கு இரண்டு நாள் என்று வீட்டையே தலைகீழாக்குகிற அலட்டல் எல்லாம் வெறும் நாடகம் என்றார். அரை மணி நேர வேலையை மலையாகக் காட்டிப் பன்னிரண்டு வருஷமாகத் தன்னை ஏமாற்றிவிட்டாள் என்றார். ஆம்பளை கை வைத்தால் சமையல் எல்லாம் ஒரு வேலையா என்றும் கேட்டார்.

கிரேசி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"அப்படின்னா சனிக்கிழமைக்கு நீங்களே செஞ்சிருங்க. நான் நாசரேத்துல எங்கப்பா வீட்டுக்குப் போறேன். முடியலன்னா, தோத்துட்டேன்னு ஒரு தந்தி குடுங்க. அடுத்த பஸ்ஸுல வாரேன்."

"தந்தியா? ஏளா, நீயாத்தான் திரும்பி வருவ. பாத்துக்கிட்டே இரு."

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. தையல் டீச்சரான கிரேசிக்கும் விடுமுறை. பிள்ளைகள் இரண்டும் ஏற்கனவே நாசரேத்தில் தாத்தா வீட்டில் இருந்தன. ஆகையால் அவள் போவதற்குத் தடை எதுவும் இல்லை. எஸ்றா வேலைக்குப் போய் வருவதற்குள் பெட்டியும் இல்லை, அவளும் இல்லை.

தந்தி கொடுப்பது என்பது சாதாரண சங்கதி இல்லை. மாமனார் ஜெயசிங் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் சிவப்பு மசியால் பிழை திருத்தி, வாசலில் நின்று உரக்க வாசிக்கிற மனுஷர். மருமகன் தோற்ற செய்தியை அவர் ஒரு தடவை வாசித்தால் தெரு கேட்கும். கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்துமஸ் வாசித்தால் பேரன் பேத்தி காலம் வரைக்கும் கேட்கும். அதற்குப் பதிலாக உப்பளத்தில் போய்ச் சுமை தூக்கலாம் என்று தோன்றியது எஸ்றாவுக்கு.

சாக்லேட் உருகுவதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மே மாதத் தூத்துக்குடியில் அது உறையைப் பிரிக்கும் முன்பே உருகித்தான் கிடந்தது. எங்கே குளிர வைப்பது என்பதைத்தான் அந்தத் தாளை எழுதினவன் ஃப்ரிட்ஜ் என்ற ஒரே வார்த்தையில் முடித்திருந்தான். எஸ்றாவின் தெருவில் குளிர்ச்சியான பொருள் என்று சொல்லப்போனால் மண்பானைத் தண்ணீர் ஒன்றுதான் உண்டு.

பேசாமல் பேக்கரியில் மக்ரூன் வாங்கி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அது நடக்காது. மக்ரூனைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கடை, இன்று போட்டதா நேற்றுப் போட்டதா என்று சொல்லிவிடுகிற ஊர் இது. கடைப் பலகாரத்தைக் கண்டதும் அற்புதமணி அக்காவின் அடுத்த கேள்வி "கிரேசி எங்க?" என்பதாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் பின்வாசல் வழியாக ஆறுமுகத்தாய் வந்தாள். இந்த வீட்டிலும் எதிர்த்த வீட்டிலும் பாத்திரம் தேய்த்துத் தண்ணீர் எடுத்து வைக்கிறவள். எதிர்த்த மாடிவீட்டில் முத்து பீவி இருந்தாள். காயல்பட்டினத்துப் பெண். அவள் கணவர் மூஸா நெய்னா தோணியில் கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோனால் வருவதற்கு மாதங்கள் ஆகும். முத்து பீவி பிற ஆண்களோடு நேரில் பேசுகிற வழக்கம் இல்லாதவள். கிரேசியும் அவளும் உயிருக்கு உயிர் என்றாலும், பன்னிரண்டு வருஷத்தில் எஸ்றா அவள் குரலைக் கேட்டதில்லை. எதுவாக இருந்தாலும் நடுவில் ஆறுமுகத்தாய்தான். வியாழக்கிழமை வீட்டுச் சாவியை எதிர்த்த வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். நேற்று வந்து, முத்து பீவி அம்மா அச்சு முறுக்கு அச்சு கேட்கிறார்கள் என்று நின்றதும் அவள்தான். இந்த வீட்டில் அதற்கு இனி வேலை இல்லை, கொண்டு போ என்று எஸ்றா அப்போது பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஆறுமுகத்தாய் தட்டைப் பார்த்தாள்.

"சார், இது எதுக்குப் போடுத மருந்து?"

"பலகாரம்."

"ஓ." இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள். "முத்து பீவி அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டுமா? அவிய தொதல் அல்வா எல்லாம் கிண்டுதவிய."

யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டாம் என்று சீறினார் எஸ்றா. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கேட்பதென்றால் கேள், நான் கேட்டதாகச் சொல்லாதே என்றார்.

போனவள் வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஐஸ்மேல் வைக்க வேண்டுமாம். இவ்வளவுதானா, இது எனக்குத் தோன்றாதா என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது அவருக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் ஏலம் விடுகிற இடத்துக்கு மிதித்தார். அங்கே மரியான் பழக்கமானவர். விருந்தா, எத்தனை கிலோ சீலா வேண்டும் என்று கேட்டார். சீலா வேண்டாம், ஐஸ்தான் வேண்டும், சாக்லேட்டுக்கு என்றார் எஸ்றா. மரியான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அரைப்பாளம் ஐஸைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

அண்டாவில் ஐஸை உடைத்துப் போட்டு அதன்மேல் தட்டை வைத்தார். அரை மணியில் ஓரங்கள் இறுகின. எஸ்றா அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு மூலையைக் கத்தியால் வெட்டி வாயில் போட்டார். முதலில் கடலை வந்தது, அடுத்து சாக்லேட் வந்தது, அதற்குப் பின்னால் முழுசாக ஒரு சாளை மீன் வந்தது. அந்த ஐஸ் காலையிலிருந்து எதன்மேல் கிடந்தது என்று கேட்கவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

பின்வாசல் படியில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு நின்றபோது, கிரேசியாக இருந்தால் ஐஸை வாங்கும்போதே மோந்து பார்த்திருப்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பின்மேலும் கோபம் வந்தது.

ஆறுமுகத்தாய் மறுபடியும் தெருவைக் கடந்து போனாள். இந்தத் தடவை யோசனை உப்பு. ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் கூடுமாம். பலகாரம் கல் மாதிரி இறுகி வாடையை உள்ளே விடாதாம். குல்பிக்காரன் அப்படித்தான் செய்கிறானாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா? சாடியிலிருந்து இரண்டு படி அள்ளிக் கொட்டினார். ஐஸ் படபடவென்று வெடித்து உருகிற்று. தாங்கி நின்ற பாளம் சரிந்தது. ஓட்டை விழுந்த தோணி மாதிரி தட்டு ஒரு பக்கம் முங்க, உப்புத் தண்ணீர் ததும்பிப் பலகாரத்தின்மேல் ஏறியது. எஸ்றா தாவிப் பிடித்து வெளியே எடுத்தபோது பாதித் தட்டு கடலாகிவிட்டிருந்தது.

"உப்பு போடச் சொன்னது யாரு?" என்று ஆறுமுகத்தாயைப் பார்த்துக் கத்தினார்.

"நான் இல்ல சார். சொன்னத வந்து சொன்னேன்."

"உன் முத்து பீவி அம்மாட்டப் போய்க் கேளு. இதுக்கு என்ன வழின்னு கேளு."

எதிர்த்த மாடியில் ஜன்னல் திரை போட்டபடி இருந்தது. உள்ளே யாரோ ஒரு கீர்த்தனையை முணுமுணுப்பது போலக் கேட்டது. இலங்கை வானொலிக்காரனுக்கு நேரம் காலம் தெரியாது, மனுஷன் எரிந்துகொண்டிருக்கும்போதுதான் பக்திப் பாட்டு வைப்பான் என்று எஸ்றா அவனையும் திட்டி வைத்தார். தேங்காயெண்ணெய் காய்கிற வாசனையும் அந்தப் பக்கமிருந்து வந்தது. அவரவர் வீட்டில் அவரவர் நிம்மதியாகப் பலகாரம் சுடுகிறார்கள் என்று வயிறு எரிந்தது.

மூன்றாவது யோசனை, தண்ணீர் வற்றுகிறவரைக்கும் அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டும், மீன் வாடை போக ஒரு கைப்பிடி ஓமம் போட வேண்டும் என்று வந்தது. எஸ்றா திடுக்கிட்டார். அடுப்பில்லாப் பலகாரம் என்றல்லவா சவால் விட்டது. அடுப்பை மூட்டினால் அப்போதே பாதித் தோல்வி. ஆனால் தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? புகை வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினார். விறகு அடுப்பு. மே மாதம். சாத்தின ஜன்னல். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட ஒரு மணி நேரம் கிண்டினார். தண்ணீர் வற்றியது. கூடவே எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. சாக்லேட் அடிப்பிடித்துக் கீழே நின்றது. மீன் வாடை போகவில்லை. ஓம வாடை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

நாலாவது யோசனை வறுத்த அரிசி மாவு. எண்ணெயை இழுத்துக்கொள்ளுமாம். இழுத்துக்கொண்டது, பொய் சொல்லக்கூடாது. எண்ணெயை இழுத்தது, தண்ணீரை இழுத்தது, கடைசியில் கரண்டியையும் இழுத்துக்கொண்டது. எஸ்றா கரண்டியைப் பிடித்துத் தூக்கினார். சட்டியும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. தெருப்பூனை ஒன்று மீன் வாசனை பிடித்து ஆசையாக வந்து, சட்டிக்குள் மூக்கை நீட்டி, ஒரு தும்மல் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. மீன் ஏலம் விடுகிற ஊரில் பிறந்த பூனை அது. எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லாதது.

அந்தப் பூனை போனதைத்தான் எஸ்றாவால் தாங்க முடியவில்லை.

சட்டியோடு தெருவாசலுக்கு வந்தார். மணி மூன்றரை. சட்டையெல்லாம் கரி, மீசையில் மாவு. எதிர்த்த வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பேசுவது மரியாதை இல்லை. ஆகையால் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு வந்துகொண்டிருந்த ஆறுமுகத்தாயைப் பார்த்து, மாடிக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"அந்தம்மாட்டப் போய்ச் சொல்லு. காலையில இருந்து நாலு யோசன. நாலும் ஒண்ணுக்கொண்ணு மோசம். ஓமமாம், அரிசி மாவாம். என் பொண்டாட்டி இருந்தா இப்படி ஒரு யோசன சொல்லியிருப்பாளா? அவ புத்தி என்ன, கைப்பக்குவம் என்ன? பன்னெண்டு வருஷத்துல அவ செஞ்சு ஒரு பண்டம் வீணாப் போயிருக்கா? அவ கால் தூசிக்குக் காணாது இந்த யோசனையெல்லாம்."

மாடியில் கீர்த்தனை நின்றது. திரை ஒரு தடவை ஆடியது. அவளுக்கு நன்றாக உறைத்திருக்கட்டும் என்று நினைத்தார் எஸ்றா. ஆறுமுகத்தாய் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழை எளியவளைத் தெருவில் வைத்துக் கத்திவிட்டோமே, அழுகிறாள் போலிருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தி முடித்த பிறகுதான் தான் என்ன கத்தினோம் என்பது காதில் விழுந்தது. சொன்னதெல்லாம் உண்மை. அந்த உண்மையை வியாழக்கிழமை காலையில் சொல்லியிருந்தால் இந்நேரம் தட்டில் முந்திரிக்கொத்து இருக்கும், அடுக்களையில் அவள் இருப்பாள், தானும் திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்போம். இப்போது சட்டியில் சிமெண்ட் இருக்கிறது. சட்டியும் அவள் ஆசையாக வாங்கின சட்டி. எஸ்றாவுக்கு முத்து பீவிமேல் இருந்த கோபம், கப்பல் சமையல்காரன்மேல் இருந்த கோபம், வானொலிக்காரன்மேல் இருந்த கோபம் எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, போக வேறு இடம் இல்லாமல் அவர்மேலேயே விழுந்தது.

பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'தோற்றுவிட்டேன். உடனே வா. எஸ்றா' என்று எழுதினார். எழுதினதை இன்னொரு தடவை பார்த்தார். மாமனார் திருத்துவதற்கு இடம் கொடுக்கக்கூடாது என்று ஒற்றெழுத்துகளைச் சரிபார்த்தார். கொஞ்சம் யோசித்து, 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தையைக் கூடுதலாகச் சேர்த்தார். நாசரேத்துத் தெரு முழுக்கச் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு அவள் வந்தால் போதும்.

தந்தி போய்ச் சேர்ந்து, பஸ் பிடித்து, அவள் வந்து இறங்குவதற்குள் ஜெபக்கூட்டம் முடிந்து, அற்புதமணி அக்கா இரண்டு தெரு சுற்றியிருப்பாள். அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டுத் தாளைக் கையில் கொடுத்தார்.

"தந்தி ஆபீசுல குடுத்து, நாசரேத்துக்குன்னு சொல்லு. ஓடு, அஞ்சு மணிக்கு ஆள் வந்துருவாவ."

ஆறுமுகத்தாய் தாளை வாங்கிப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டாள். தந்தி ஆபீஸ் இருக்கிற வலப்பக்கம் திரும்பாமல், நேரே தெருவைக் கடந்து எதிர்த்த வீட்டுப் படியில் கால் வைத்தாள்.

"ஏளா, அங்கன எங்க போற?" என்றார் எஸ்றா.

ஆறுமுகத்தாய் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நாசரேத்துக்கு எதுக்கு சார் தந்தி, டீச்சரம்மா வியாழக்கிழமையில இருந்து இந்த மாடியிலதான் இருக்காவ, அச்சு முறுக்கு சுட்டு டின்னுல அடச்சாச்சு, நீங்க தோத்துட்டேன்னு எழுதுததுக்குத்தான் உப்பு, ஓமம், அரிசி மாவுன்னு ஒவ்வொண்ணா அவியளே சொல்லி விட்டாவ."